அம்மாச்சியைப் பார்க்க வந்தவர்களின் வேலைக்கு நான் என்ன படிக்க வேண்டும்?

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் பி.எஸ்சி. விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஊர், திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கல்லூரியில் சேர்வதற்கு முன் இரண்டு முறை நீட் தேர்வு எழுதி, இரண்டு முறையும் இடம் கிடைக்கவில்லை. அதைப் பற்றி இப்போது வருத்தம் ஏதுமில்லை. ஆனால் நோயாளிகளோடு இருக்கிற வேலைதான் வேண்டும் என்ற எண்ணம் மட்டும் போகவில்லை.

அதற்குக் காரணம் எங்கள் அம்மாச்சி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவில் அவருக்கு வாய் கோணி, வலப்பக்கம் விழுந்துவிட்டது. 108 வண்டியில் வந்த அண்ணன், அம்மாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எத்தனை மணிக்கு இப்படி ஆனது, கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாகப் பேசினார்" என்று எங்களை விடாமல் கேட்டுக்கொண்டே வந்தார். அரசு மருத்துவமனையில் காப்பீட்டு அட்டை இல்லாமல் நாங்கள் தவித்தபோது, ஒரு மேடம் வந்து உட்கார்ந்து எங்கள் குடும்ப நிலவரம் முழுவதையும் கேட்டு, யாரிடம் எந்தச் சான்று வாங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த பிறகு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மூன்று பேர் வந்தார்கள். மாத்திரை கொண்டுவருபவர் எங்கள் பக்கத்துத் தெரு அக்காதான். கை கால்களை மடக்கி நீட்டப் பழக்குபவர் ஒருவர். படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டி, மூக்குக் குழாய் வழியே கஞ்சி கொடுப்பது எப்படி என்று எனக்குச் சொல்லித் தந்தவர் இன்னொருவர்.

இந்த ஐந்து பேரில் ஒருவர்கூட டாக்டர் இல்லை. ஆனால் அம்மாச்சி இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்றால் அதில் இவர்களின் பங்குதான் பெரிது. இவர்கள் என்ன படித்தவர்கள், இவர்களின் பணிக்கு என்ன பெயர், எனக்கு இருக்கிற விலங்கியல் பட்டத்தை வைத்துக்கொண்டு இவற்றில் எதற்குப் போகலாம், எதற்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று எங்கள் வீட்டிலோ கல்லூரியிலோ சொல்ல ஆளில்லை. வீட்டில் கேட்டால் "டாக்டர் இல்லையென்றால் நர்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. டவுனில் ஒரு பயிற்சி நிலையம், ஓராண்டு டிப்ளமோ முடித்தால் நர்சு வேலை உறுதி என்று சொல்லி 60,000 ரூபாய் கேட்கிறது. அதில் சேரலாமா என்றும் ஒரு கேள்வி இருக்கிறது. இந்தத் துறையில் இருப்பவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நர்சம்மா (ஓய்வு) எழுதியது:

மகளே, நான் கிராம சுகாதார செவிலியராக 1989-இல் சேர்ந்து, பகுதி சுகாதார செவிலியராகி, சமுதாய சுகாதார செவிலியராக ஓய்வு பெற்றவள். மற்றதைப் பிறர் சொல்வார்கள்; எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த டிப்ளமோவில் சேராதே. செவிலியர் என்று பெயர் போட்டுக்கொள்ள இந்நாட்டில் மூன்று வாசல்தான் உண்டு. துணைச் செவிலியர் பயிற்சியான ஏ.என்.எம். இரண்டு ஆண்டு, பட்டயப் படிப்பான ஜி.என்.எம். மூன்று ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. எதை முடித்தாலும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பெயர் பதிவாக வேண்டும். 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடக்கிற பதிவு அது. அந்தப் பதிவு எண் இல்லாதவர் எத்தனை நல்ல மனம் படைத்தவராக இருந்தாலும் சட்டப்படி செவிலியர் இல்லை. "ஹோம் நர்ஸ்" என்று வீடுகளுக்கு அனுப்பப்படும் பெண்களில் மிகப் பலர் இப்படிப் பதிவில்லாதவர்கள்தான். அவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்தப் பெயரை நம்பி நீ பணம் கட்டக் கூடாது.

நான் சேர்ந்த காலத்தில் பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஒன்றரை ஆண்டுப் பயிற்சி இருந்தது. இப்போது பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு ஆண்டு. சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது துணை சுகாதார நிலையத்தின் கணக்கு. அந்த மக்கள்தொகையில் யார் கர்ப்பமாக இருக்கிறாள், யாருக்கு ரத்தம் குறைவு, எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி தவறிப்போனது என்பதெல்லாம் கிராம சுகாதார செவிலியரின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். அதைவிட அதிகமாக அவள் நினைவில் இருக்கும். நான் சேர்ந்தபோது வீட்டுப் பிரசவங்களை மருத்துவச்சிப் பாட்டிகள் பார்த்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் தொப்புள்கொடி கட்டியிருக்கிறேன். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99 சதவீதத்துக்கு மேல் மருத்துவ நிலையங்களில் நடந்ததாக வந்தது. அந்தக் கணக்கைப் பத்திரிகையில் படித்தபோது, எத்தனை மாமியார்களிடம் எத்தனை திண்ணைகளில் உட்கார்ந்து பேசிய பேச்சு இது என்று நினைத்துக்கொண்டேன்.

இதில் உனக்குப் பிடிக்காமல் போகக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்களின் மதிப்பையும் சேர்த்து 18,000 ரூபாய் உதவி பல தவணைகளில் கிடைக்கிறது; அதற்கான பதிவு, வங்கிக் கணக்கு, ஆதார் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது செவிலியரின் தலையில் விழும். கணக்கில் ஓர் எண் தவறிப் பணம் வராவிட்டால் ஊரே உன்னைத்தான் கேட்கும். என் கடைசிப் பத்தாண்டுகளில் கர்ப்பிணியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்த நேரத்தைவிடக் கணினியில் பதிவேற்றிய நேரம் அதிகம் என்று தோன்றியதுண்டு.

உங்கள் பக்கத்துத் தெரு அக்கா பெண் சுகாதாரத் தன்னார்வலர். மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுபவர். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களைக் கண்டுபிடித்து மாத்திரை சேர்ப்பது அவர் வேலை. அவருக்குக் கிடைப்பது ஊக்கத்தொகை, சம்பளம் அன்று. உள்ளூர்ப் பெண்ணுக்கு அது நல்ல ஆதரவு. பட்டம் பெறப்போகும் நீ அதை வாழ்க்கைத் தொழிலாகத் திட்டமிட வேண்டியதில்லை.

மருத்துவ சமூகப் பணியாளர் எழுதியது:

மருத்துவமனையில் உங்களிடம் உட்கார்ந்து பேசியவர் பெரும்பாலும் என் துறையைச் சேர்ந்தவராக இருப்பார். மருத்துவ சமூகப் பணியாளர் என்பது பதவிப் பெயர். இந்தியாவில் இப்பதவிக்கு முதல் நியமனம் 1946-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் நடந்தது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆகின்றன. இன்னமும் நோயாளிகள் எங்களை "காப்பீட்டு மேடம்", "கேஸ் எழுதுகிறவர்" என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள். சில மருத்துவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்பதைப் பணிவோடு சேர்த்துக்கொள்கிறேன்.

உங்களுக்கு நல்ல செய்தி என்னவென்றால், இதற்குரிய எம்.எஸ்.டபிள்யூ. என்ற இரண்டாண்டு முதுகலைப் படிப்பில் எந்தப் பட்டம் பெற்றவரும் சேரலாம். விலங்கியல் படித்தவருக்கு நோய்களின் பெயர்களும் உடற்கூறும் புரியும் என்பதால், மருத்துவ, உளநலச் சமூகப்பணியைச் சிறப்புப் பிரிவாக எடுத்துக்கொள்வது இயல்பாக அமையும். சென்னையில் 1952 முதல் இயங்கிவரும் சமூகப்பணிக் கல்லூரி, லயோலா, ஸ்டெல்லா மாரிஸ் போன்றவை உண்டு. உங்கள் மதுரையிலேயே அழகர்கோவில் சாலையில் இதற்கென்றே ஒரு நிறுவனம் உண்டு. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காமல், களப்பணிக்கு மாணவர்களை எங்கே அனுப்புகிறார்கள், வாரத்தில் எத்தனை நாள் அனுப்புகிறார்கள், களப்பணி அறிக்கையை ஆசிரியர் உட்கார்ந்து படித்துப் பேசுகிறாரா என்று மேல் வகுப்பு மாணவர்களிடம் கேளுங்கள். இந்தப் படிப்பின் பாதி வகுப்பறைக்கு வெளியே இருக்கிறது.

வேலை எப்படி இருக்கும் என்பதற்கு என் வாரத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. சிறுநீரகம் செயலிழந்த ஒருவருக்கு டயாலிசிஸ் வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆகவே சிகிச்சைக்குக் காசில்லை என்று யாரும் நின்றுபோவதில்லை என்று காகிதம் சொல்லும். ஆனால் கட்டட வேலைக்குப் போகும் ஒருவர் வாரத்துக்கு மூன்று நாள் கூலியை இழந்து, துணைக்கு வரும் மனைவியின் கூலியையும் இழந்து, பேருந்து மாறி மாறி வந்து, மூன்றாவது மாதம் வராமல் நின்றுவிடுவார். மருத்துவக் குறிப்பில் அது "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று பதிவாகும். அவர் ஏன் வரவில்லை என்று ஊருக்குப் போன் போட்டுக் கேட்டு, வீட்டுக்கு அருகிலுள்ள தாலுகா மருத்துவமனைக்கு அவரது முறையை மாற்ற முடியுமா என்று பார்த்து, உதவித்தொகைக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்க வைத்து, மனைவிக்கு நூறு நாள் வேலை அட்டை இருக்கிறதா என்று விசாரித்து அவரை மறுபடியும் கட்டிலுக்குக் கொண்டுவருவதுதான் சமூகப்பணி.

இத்துறையில் நான் மிகக் கடினமானதும் மதிப்பு மிக்கதுமாகக் கருதுவது உறுப்புமாற்று ஒருங்கிணைப்பாளர் பணி. 2008-இல் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர் தம் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடையளித்த பிறகு, தமிழ்நாட்டில் இறந்தோர் உறுப்புக்கொடை மக்களிடையே பேசப்படும் பொருளாயிற்று. மூளைச்சாவை நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து உறுதி செய்ய வேண்டும். அந்த ஆறு மணி நேரத்தில், இதயம் துடித்துக்கொண்டிருக்கிற மகனை இறந்தவன் என்று நம்ப முடியாத தாயின் பக்கத்தில் இருப்பவர் ஒருங்கிணைப்பாளர். எப்போது பேச வேண்டும் என்பதைவிட எப்போது பேசாமல் தண்ணீர் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் ஆண்டுகள் ஆகும். குடும்பம் மறுத்துவிட்டால் அதற்குப் பிறகும் அதே மரியாதையோடு உடலை ஊருக்கு அனுப்பிவைக்கும் வேலை அவருடையதே. 2014-ஆம் ஆண்டு விதிகள் உறுப்புமாற்று மருத்துவமனைகளுக்கு இந்தப் பதவியைக் கட்டாயமாக்கியுள்ளன. செவிலியர்களும், சமூகப்பணி போன்ற துறைகளில் படித்தவர்களும் இதற்கு வரலாம்.

மனநலத் துறையை நாடுவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உளநலச் சமூகப் பணியாளர் என்பவர் எம்.எஸ்.டபிள்யூ. முடித்து, அதன்மேல் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். பயிற்சியும் பெற்றவர் என்று வரையறுத்திருக்கிறது. இதற்கிடையில் பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்திவிட்டு, இந்தப் பிரிவுக்கும் மருத்துவ உளவியலுக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கையை அனுமதித்தது. ஆகவே நீங்கள் எம்.எஸ்.டபிள்யூ. முடிக்கும்போது அடுத்த படி எந்தப் பெயரில் இருக்கிறது என்பதைப் பெங்களூரிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்றவற்றின் அறிவிப்பைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மருத்துவமனைக்கு வெளியிலும் இதே படிப்புக்கு இடமுண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், மாவட்ட மனநலத் திட்டம், எச்.ஐ.வி. நம்பிக்கை மையங்களின் ஆலோசகர் பணி ஆகியவற்றைச் சொல்லலாம். இவற்றில் பெரும்பாலானவை தொகுப்பூதியப் பணிகள். அதைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

தலைமாட்டில் எழுதியது:

உங்கள் அம்மாச்சிக்குப் புண் கட்டியவரின் வேலையைத்தான் நானும் வேறொரு மாவட்டத்தில் செய்கிறேன். அரசு இதை நோய் ஆதரவு சிகிச்சை என்று அழைக்கிறது. பி.எஸ்சி. நர்சிங் அல்லது ஜி.என்.எம். முடித்து, அதன்பின் இதற்கென்று தனிப்பயிற்சி பெற்று வருகிறோம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கப்பட்டபோது, வட்டாரந்தோறும் ஒரு செவிலியரும் ஒரு பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே செல்வது என்ற ஏற்பாடு அதில் சேர்ந்தது. கை கால் பழக்கியவர் அந்தப் பிசியோதெரபிஸ்ட். அது பி.பி.டி. என்ற தனிப்பட்டம்; பன்னிரண்டாம் வகுப்புத் தகுதியிலிருந்து தொடங்கி நான்கு ஆண்டுகளுக்கு மேல் படிக்க வேண்டும், உங்கள் விலங்கியல் அதற்குக் கணக்கில் வராது. செவிலியர் படிப்புக்கும் அதே நிலைதான். ஆனால் தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே நடந்துவருவதால், நீட் மதிப்பெண் உங்களுக்குத் தடையாக இராது.

மேலே எழுதிய இரு பெரியவர்களையும் மதிக்கிறேன். இருந்தாலும் ஓரிடத்தில் மாறுபடுகிறேன். தொகுப்பூதியம் என்ற சொல்லைச் சமூகப் பணியாளர் ஐயா ஒரே வரியில் கடந்துவிட்டார். அந்த ஒரு வரிக்குள்தான் எங்கள் வாழ்க்கை இருக்கிறது. ஒப்பந்தம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும். மகப்பேறு விடுப்பு, வங்கிக் கடன், இடமாற்றம் என்று எதைக் கேட்டாலும் "நீங்கள் நிரந்தரம் இல்லையே" என்ற பதில் முதலில் வரும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வை எழுதி வந்த செவிலியர்களே நிரந்தரப் பணிக்குரிய காலமுறை ஊதியத்துக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தும் போராடியும் வந்திருக்கிறார்கள் என்பதைச் செய்தித்தாள் படிக்கிறவர்கள் அறிவார்கள். "சேவை மனப்பான்மை வேண்டும்" என்று எங்களிடம் சொல்பவர்கள் மாதம் பிறந்தால் வாடகை கொடுப்பவர்கள்தானே. ஆகவே தங்கை, படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே, உங்கள் குடும்பம் உங்கள் சம்பளத்தை எத்தனை ஆண்டு எதிர்பார்க்காமல் இருக்க முடியும் என்று அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

வேலையைப் பற்றிச் சொல்வதானால், நீங்கள் அதில் ஒரு பகுதியைச் செய்துவிட்டீர்கள். வாய்ப்புற்று முற்றிய ஒருவர் வீட்டுக்குப் போனால் கதவைத் திறக்கும்போதே வாடை வரும். பிள்ளைகள் அந்த அறைக்குள் வருவதை நிறுத்தியிருப்பார்கள். புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடியாக்கித் தூவி, துணி கட்டி, அதை வீட்டில் ஒருவருக்குப் பழக்கிவிட்டு வந்தால் சில நாள்களில் வாடை குறையும். நோய் அப்படியேதான் இருக்கும். ஆனால் அடுத்த முறை போகும்போது பேத்தி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். வலிக்கு மார்ஃபின் மாத்திரை எழுத மருத்துவர் வேண்டும். 2014-இல் போதைமருந்துச் சட்டத்தைத் திருத்திய பிறகு மருத்துவமனைகளுக்கு அது கிடைப்பதில் இருந்த உரிமச் சிக்கல் குறைந்திருக்கிறது. ஆனால் "அதைக் கொடுத்தால் அடிமையாகிவிடுவாரா" என்ற உறவினரின் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்வது செவிலியரின் பங்கு.

நீங்கள் அம்மாச்சிக்கு மூக்குக் குழாயில் கஞ்சி கொடுத்தபோது கை நடுங்கியதா, அல்லது முடிந்ததும் ஒரு நிறைவு வந்ததா? வேற்று மனிதர் ஒருவருக்கு அதைச் செய்யும்போதும் அப்படி இருக்குமா? இதை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். சொந்தப் பாட்டிக்குச் செய்வதும் தினம் ஆறு வீட்டில் ஆறு பேருக்குச் செய்வதும் வேறு வேறு.

இரவு ஷிப்ட் எழுதியது:

சகோதரி, அந்த ஓராண்டு டிப்ளமோவைப் பற்றி எழுதத்தான் கணக்கு தொடங்கினேன். நான் தாவரவியல் படித்தவன். பட்டம் முடித்ததும் இப்படியொரு நிலையத்தில் பணம் கட்டி, "நோயாளி பராமரிப்பு மற்றும் ஆய்வகம்" என்று நீளமான பெயருள்ள சான்றிதழ் ஒன்றை வாங்கினேன். வெள்ளை அங்கி, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு புகைப்படம் எல்லாம் எடுத்தார்கள். பிறகு ஒரு மருத்துவமனையில் அந்தச் சான்றைக் கொடுத்தபோது, மனிதவள அலுவலர் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இதில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும் இல்லையே தம்பி" என்றார். அதுவரை நான் பின்பக்கத்தைப் பார்த்ததே இல்லை.

ஆய்வக நுட்புநர், டயாலிசிஸ் நுட்புநர், அறுவை அரங்க நுட்புநர், எக்ஸ்ரே போன்ற துணை மருத்துவப் படிப்புகளை நினைத்தால், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கிறதா, அல்லது மருத்துவக் கல்வி இயக்ககம் நடத்தும் பட்டயமா என்று பாருங்கள். 2021-இல் இத்தகைய பணிகளுக்கென்று தேசிய அளவில் தனி ஆணையச் சட்டமே வந்திருக்கிறது. பிசியோதெரபி முதல் மருத்துவ சமூகப்பணி வரை பல தொழில்கள் அதற்குள் அடங்கும். இனிப் பதிவில்லாத சான்றுக்கு மதிப்பு மேலும் குறையும் என்றுதான் தோன்றுகிறது.

இனி நல்ல செய்தி. உங்கள் பட்டியலில் முதலில் வந்த அந்த 108 அண்ணன் மருத்துவ உதவியாளர். வண்டி ஓட்டுபவரை நாங்கள் பைலட் என்போம். தமிழ்நாட்டில் இந்தச் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. மருத்துவ உதவியாளர் பணிக்கான ஆள்சேர்ப்பு முகாம்களில் நர்சிங் படித்தவர்களோடு விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற உயிரறிவியல் பட்டதாரிகளையும் எடுப்பது வழக்கம். எழுத்துத் தேர்வு, உடற்கூறு பற்றிய கேள்விகள், நேர்காணல், பிறகு அவர்களே தரும் பயிற்சி. பணம் கட்டி வாங்கிய டிப்ளமோ உதவாத இடத்தில் என் தாவரவியல் பட்டம் உதவியது. இப்போது ஆறு ஆண்டுகளாக வண்டியில் இருக்கிறேன்.

அவர் ஏன் மணியைத் திரும்பத் திரும்பக் கேட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரத்தக்கட்டியால் வந்த பக்கவாதமாக இருந்தால், கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கடிகாரம் நாங்கள் வந்த நேரத்திலிருந்து ஓடாது. நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து ஓடும். வீட்டார் பதற்றத்தில் "இப்போதுதான்" என்பார்கள். கிளறிக் கேட்டால் மதியமே கை மரத்துப்போனதாகச் சொன்னார் என்று தெரியவரும். எந்த மருத்துவமனைக்கு வண்டியைத் திருப்புவது என்பதும், அங்கு மருத்துவர் எதைத் தீர்மானிப்பார் என்பதும் அந்தப் பதிலில் இருக்கிறது.

இது பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். விபத்து, பிரசவம், தற்கொலை முயற்சி என எதுவும் வரும். வண்டியிலேயே பிள்ளை பிறந்து, பனிக்குடத் தண்ணீரில் முழங்கால் நனைந்து உட்கார்ந்திருந்த இரவுகளும் உண்டு. மருத்துவமனை வாசலில் நோயாளியை ஒப்படைத்த பிறகு அவர் பிழைத்தாரா என்று பெரும்பாலும் தெரியாது. உங்களைப் போன்றவர்கள் வந்து "அம்மாச்சி நடக்கிறார்" என்று எழுதினால்தான் உண்டு.

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நர்சம்மா, டிப்ளமோ நிலையத்துக்கு வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன். அண்ணன், அம்மாச்சிக்கு உண்மையிலேயே அப்படித்தான் நடந்தது. மாலையிலேயே தேநீர் டம்ளரை இரண்டு முறை கை நழுவவிட்டார், நாங்கள் யாரும் அதைச் சொல்லவில்லை.

அக்கா கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொல்கிறேன். முதல் வாரம் கை நடுங்கியது, பிறகு பழகிவிட்டது. ஆனால் நிறைவு தந்தது புண் கட்டியது அன்று. அம்மாச்சிக்கு முதியோர் ஓய்வூதியம் நின்றுபோயிருந்ததை எழுதி எழுதித் திரும்பப் பெற்றுத் தந்தேன். அந்தப் பணத்தை அவர் கையில் எண்ணிக் கொடுத்த நாளில்தான் தூக்கம் வந்தது. ஆகவே சமூகப்பணிப் படிப்பு எனக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆனால் சமூகப் பணியாளர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். வீட்டில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் என் சம்பளத்துக்குக் காத்திருக்க முடியாது. தம்பி பத்தாம் வகுப்பு. எம்.எஸ்.டபிள்யூ. முடித்து உடனே வேலை கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

மருத்துவ சமூகப் பணியாளர் எழுதியது:

முதலில் "தலைமாட்டில்" சொன்ன குறையை ஏற்றுக்கொள்கிறேன். நான் நிரந்தரப் பணியில் இருப்பதால் அந்த வரியை எளிதாகக் கடந்துவிட்டேன்.

உங்கள் கேள்விக்கு: அரசு மருத்துவக் கல்லூரிகளின் நிரந்தரப் பதவிக்கு மட்டும் காத்திருந்தால் ஆண்டுகள் போய்விடும், அறிவிப்புகள் அரிதாகவே வருகின்றன. படிப்பு முடித்தவர்கள் வழக்கமாக முதலில் தனியார் மருத்துவமனையின் நோயாளர் நலப் பிரிவிலோ, தொண்டு நிறுவனத்திலோ, மாவட்டத் திட்டங்களின் தொகுப்பூதியப் பணியிலோ சேர்ந்து, அங்கிருந்தபடியே தேர்வுகளை எழுதுகிறார்கள். தொடக்கச் சம்பளம் பெரிதாக இராது. அதே ஊரில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியர் வாங்குவதை ஒத்து இருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். வெளியூரில் வாடகை கொடுத்தால் கையில் நிற்காது. அந்த வகையில் மதுரையிலேயே படித்து மதுரையிலேயே தொடங்குவது உங்களுக்கு நல்லது.

உங்களுக்கு வேறொரு வழியும் இருக்கிறது. "இரவு ஷிப்ட்" சொன்ன பணியில் பட்டம் முடித்ததும் சேர்ந்து, ஓரிரு ஆண்டு சம்பாதித்துவிட்டு எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு வரலாம். என் வகுப்பில் அப்படி வந்தவர் ஒருவர் இருந்தார். அவசர சிகிச்சைப் பிரிவில் குடும்பத்தாரிடம் எப்படிப் பேசுவது என்று ஆசிரியர் நடத்தியபோது, ஆசிரியரே அவரைத் திரும்பிப் பார்த்துச் சரிதானா என்று கேட்பார். மற்றொரு வாய்ப்பு, எந்தப் பட்டதாரியும் சேரக்கூடிய சிறப்புக் கல்வி பி.எட். அதற்கு 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு உண்டு, சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள தேசிய நிறுவனம் இத்தகைய படிப்புகளை நடத்துகிறது. ஆனால் அது குழந்தைகளோடு, வகுப்பறை சார்ந்த வேலை. ஓய்வூதியத்தை எழுதி எழுதி வாங்கித் தந்ததில் தூக்கம் வந்த உங்களுக்கு அது எவ்வளவு ஒத்துவரும் என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

அந்த ஓய்வூதிய மனுக்களின் நகல்களைப் பத்திரமாக வைத்திருங்கள். சேர்க்கை நேர்காணலில் "ஏன் சமூகப்பணி" என்ற கேள்வி கட்டாயம் வரும். பலர் அன்னை தெரசாவில் தொடங்குவார்கள். நீங்கள் வட்டாட்சியர் அலுவலகத்தில் எந்த மேசையில் கோப்பு நின்றது, எதனால் நின்றது, யாரிடம் எப்படிக் கேட்டு நகர்த்தினீர்கள் என்று சொன்னால் போதும்.

நர்சம்மா (ஓய்வு) எழுதியது:

மகளே, விடுமுறை நாளில் ஒன்று செய். புதன்கிழமை துணை சுகாதார நிலையங்களில் தடுப்பூசி போடும் நாள். உங்கள் ஊர் நிலையத்துக்குப் போய் அங்குள்ள செவிலியரிடம் அனுமதி கேட்டு, காலை முதல் மாலை வரை ஓரமாக உட்கார்ந்து பார். யார் வருகிறார்கள், யார் வரவேண்டியவர்கள் வரவில்லை, வராதவர்களுக்கு அவள் எத்தனை போன் போடுகிறாள் என்று எண்ணிக்கொள். கையில் ஒரு டப்பா சாப்பாடு கொண்டுபோ, அவளுக்கும் சேர்த்து. புதன்கிழமைகளில் அவள் மதியம் சாப்பிட்டிருக்க மாட்டாள்.